ஏப்பம் வந்தால்தான் படுக்க வைக்கணுமா? பச்சிளங்குழந்தையின் பாலும் காற்றும்

பிரசவமாகி வீட்டுக்கு வந்த பெண்ணிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஏப்பம் விட்டானா?" அம்மா கேட்பார், மாமியார் கேட்பார், பிள்ளையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காவும் கேட்பார். விட்டுவிட்டான் என்றால் எல்லோருக்கும் நிம்மதி. விடவில்லை என்றால் நள்ளிரவு இரண்டு மணியானாலும் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடக்க வேண்டியதுதான். பிள்ளை எப்போதோ தூங்கியிருக்கும். தட்டுகிறவருக்குத்தான் தூக்கம் போயிருக்கும்.

இத்தனை பாடுபட்டு வரவழைக்கும் ஏப்பத்தால் என்ன பலன் என்று நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 71 தாய்மார்களையும் அவர்களுடைய ஆரோக்கியமான பச்சிளங்குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுத் தாய்மார்களுக்கு ஏப்பம் எடுக்க வைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. மூன்று மாதம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2015-ல் வெளியான முடிவு இதுதான்: தட்டப்பட்ட குழந்தைகள் வயிற்றுவலி போலத் தோன்றும் அந்த விடாத அழுகையைக் குறிப்பிடும்படி குறைவாக அழவில்லை. சொல்லப்போனால், அவர்கள் பால் கக்கியதுதான் அதிகம்.

சிறிய ஆய்வுதான். தட்டுகிறவருக்குத் தான் தட்டுகிறோம் என்பது தெரியாமல் வைக்க வழியில்லை, கணக்கெழுதியதும் தாய்மார்களே. இதை வைத்து "இனி தட்டவே வேண்டாம்" என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஏப்பம் வராவிட்டால் ஏதோ விபரீதம் நடந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம். என் கணிப்பில், நாம் தவறான முனையில் கவலைப்படுகிறோம். பால் உள்ளே போன பிறகு செய்யும் வேலைகளில் காட்டும் அக்கறையில் பாதியை, பால் எப்படி உள்ளே போகிறது என்பதில் காட்டினால் பல வீடுகளில் ராத்திரி கொஞ்சம் அமைதியாகக் கழியும்.

முதலில் காற்று விஷயம். குழந்தையின் வயிற்றில் காற்று இருப்பதே கோளாறு என்று நினைக்கிறோம். பிறந்தவுடன் மூச்சிழுத்து அழும்போதே கொஞ்சம் காற்று இரைப்பைக்குள் போய்விடுகிறது. சில மணி நேரத்தில் அது சிறுகுடலுக்கு நகர்ந்து, ஏறக்குறைய ஒரு நாளில் மலக்குடல் வரை போய்ச் சேர்கிறது. பச்சிளங்குழந்தையின் வயிற்றை எக்ஸ்ரே எடுத்தால் குடல் நெடுகக் காற்று தெரிய வேண்டும். ஓரிடத்துக்குக் கீழே காற்றே இல்லை என்றால்தான் அங்கே குடல் அடைபட்டிருக்கிறதோ என்று மருத்துவர் சந்தேகப்படுவார்.

இந்தக் காற்று பல வழிகளில் சேர்கிறது. பால் குடிக்கும்போது கூடவே விழுங்குவது ஒன்று. அழும்போது விழுங்குவது இன்னொன்று, இதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. அப்புறம், பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை சிறுகுடலில் முழுக்கச் செரிக்காமல் மிஞ்சினால், பெருங்குடலில் உள்ள கிருமிகள் அதை நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்கும். ஏப்பத்தால் வெளியேறக்கூடியது இரைப்பையில் இருக்கும் காற்று மட்டும்தான். அதைத் தாண்டிக் குடலுக்குப் போய்விட்ட காற்றுக்கும், அங்கேயே உண்டான காற்றுக்கும் வெளியே போகும் வழி வேறு. எவ்வளவு தட்டினாலும் அது மேலே வராது.

இரைப்பையில் இருக்கும் காற்றுக்கும் தட்டலைவிட நிமிர்த்திப் பிடிப்பதே முக்கியம். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடம் முதுகுப் பக்கமாக அமைந்திருக்கிறது. குழந்தை மல்லாந்து படுத்திருந்தால் பால் அந்த வாயருகே தேங்கும், காற்று வயிற்றின் முன்பக்கம் மிதக்கும். நிமிர்த்தினால் பால் கீழே இறங்கி, காற்று மேலே ஏறும். உணவுக்குழாயின் அடியில் உள்ள சுருக்குத்தசை சற்றுத் தளரும் நேரத்தில் காற்று தானாக வெளியேறும். இந்தத் தசை பச்சிளங்குழந்தைக்கு அடிக்கடி தளரும். அதனால்தான் சில சமயம் காற்றோடு பாலும் சேர்ந்து வந்து நம் தோளை நனைக்கிறது. சண்டிகர் ஆய்வில் தட்டப்பட்ட குழந்தைகள் அதிகம் கக்கியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே ஏப்பம் எடுக்க வைக்க நினைத்தால் பலத்தைவிடப் பிடிமானத்தில் கவனம் வைக்க வேண்டும். தோளில் போடுவதென்றால் குழந்தையின் முகவாய் உங்கள் தோளுக்கு மேலே வரும்படி தூக்கிப் போடுங்கள். கன்னம் தோளில் அழுந்தி மூக்கு துணியில் புதையக் கூடாது. ஒரு கை புட்டத்தைத் தாங்க, மறு கை பிடரியில் இருந்து முதுகு வரை இருக்கட்டும். தட்டாமல் கீழிருந்து மேலாகத் தடவினாலும் போதும். மடியில் உட்கார வைப்பது இன்னொரு முறை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தாடை எலும்பை இரண்டு பக்கமும் பிடித்திருக்க, உள்ளங்கை நெஞ்சைத் தாங்கும். குழந்தை லேசாக முன்பக்கம் சாய்ந்திருக்கும். விரல் தொண்டையை அழுத்தவே கூடாது. அறுவைப் பிரசவம் ஆனவர்களுக்குத் தையல் இருப்பதால் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதைவிட இதுதான் வசதி. ஐந்து, பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்திருந்தும் வரவில்லையா, சரி, வராது. மார்பில் நேரடியாகக் குடிக்கும் குழந்தை அதிகக் காற்றை விழுங்கியிருக்காது, அதனால் பல நேரம் ஏப்பமே இருக்காது. பால் குடித்தபடியே தூங்கிய பிள்ளையை இதற்காக எழுப்ப வேண்டியதில்லை.

இனி பால் உள்ளே போகும் முனைக்கு வருவோம்.

வீறிட்டு அழ ஆரம்பித்த பிறகுதான் பசி என்று நாம் கண்டுபிடிக்கிறோம். உண்மையில் அழுகை பசியின் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடும், நாக்கை நீட்டும், உதட்டைச் சப்பும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அப்போதே மார்பில் போட்டால் நிதானமாகக் குடிக்கும். அழவிட்டுப் போட்டால், அழுகையில் ஏற்கெனவே காற்றை விழுங்கியிருக்கும். வாயும் ஒழுங்காகப் பற்றாது. மூச்சு வாங்கிக்கொண்டே அவசரமாகக் குடிக்கும். பிறகு நாம் ஏப்பத்துக்காக அரைமணி நேரம் தட்டுவோம்.

பற்றுவது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அம்மா முதுகைச் சாய்த்து வசதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில். அதன் வயிறு அம்மாவின் உடம்பை ஒட்டி. கழுத்தை மட்டும் திருப்பிக் குடிக்க வைத்தால் விழுங்குவது கஷ்டம், நாமே தலையைத் திருப்பிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பார்த்தால் தெரியும். மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். காம்பு மேலுதட்டில் உரசியதும் பிள்ளை கொட்டாவி விடுவதுபோல வாயை அகலத் திறக்கும். அந்த நொடியில் பிள்ளையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும். அம்மா குனிந்து மார்பை வாயில் திணித்தால் முதுகுவலிதான் மிச்சம். காம்பு மட்டும் வாய்க்குள் போனால் போதாது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி, முக்கியமாகக் கீழ்ப்பகுதி, உள்ளே போயிருக்க வேண்டும். முகவாய் மார்பில் ஒட்டி, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி, கன்னம் உப்பியிருந்தால் சரியாகப் பற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

கன்னம் குழிந்து குழிந்து போனாலோ, நாக்கு சொடுக்கும் சத்தம் கேட்டாலோ பிடி நழுவுகிறது, இடைவெளி வழியாகக் காற்று போகிறது. அம்மாவுக்குத் தொடர்ந்து வலித்தாலும் அதே கதைதான். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் பெரியவர்கள் நிறைய. இதில் அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடியும் வைக்கலாம். எத்தனை தடவை ஆனாலும் தப்பில்லை. காம்பு வெடித்துப் புண்ணாகி, வலிக்குப் பயந்து பால் கொடுப்பதைத் தள்ளிப்போட்டு, மார்பில் பால் கட்டிக்கொண்டு, கடைசியில் பவுடர் டின்னைத் திறக்கும் கதைகளில் பலவற்றின் தொடக்கம் இந்தப் பற்றுதல்தான்.

தமிழ்நாட்டில் இதை யார் சொல்லித்தருகிறார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே 99 சதவீதத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆனாலும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் ஏறக்குறைய 60 சதவீதம்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் சுமார் 55 சதவீதம். நாடு முழுவதற்குமான கணக்கு கிட்டத்தட்ட 64. மருத்துவ வசதியில் முன்னால் நிற்கும் மாநிலம் இந்த ஒரு விஷயத்தில் பின்னால் நிற்கிறது. அதே ஆய்வில் இங்கே ஏறக்குறைய 45 சதவீதப் பிரசவங்கள் அறுவைப் பிரசவங்கள். அறுவை முடிந்த தாய்க்குக் குழந்தையை மார்பில் போட ஆள் துணை வேண்டும், பால் ஊறவும் சற்றுத் தாமதமாகலாம். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துச் செய்த அறுவை என்றால் தாய் விழித்துத்தான் இருப்பார், சீக்கிரமே பால் கொடுக்கலாம். அதற்கு உதவி செய்ய அந்த நேரத்தில் வார்டில் ஒரு நர்ஸ் கைவசம் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

அந்த முதல் இரண்டு மூன்று நாள்தான் வீட்டில் எல்லாருடைய நிதானமும் சோதிக்கப்படும் காலம். "பாலே வரலையே" என்ற பேச்சு கிளம்பும். வருகிறது, சீம்பாலாக வருகிறது. முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பது 2 முதல் 10 மில்லி வரைதான். ஒரு டீஸ்பூன் 5 மில்லி. இரண்டாம் நாள் 5 முதல் 15 மில்லி, மூன்றாம் நாள் 15 முதல் 30 என்று கூடிக்கொண்டே போகும். மார்பு கனத்துப் பால் பெருகுவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில். அதுவரை கெட்டியாக மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலே அந்தச் சின்ன வயிற்றுக்குப் போதும்.

இந்த இடைவெளியில்தான் மற்ற எல்லாம் நுழைகின்றன. சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவுவார்கள். குடும்பத்தில் நல்ல குணமுள்ளவர் யாரோ அவர் கையால் வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஆசை புரிகிறது. ஆனால் ஒரு வயது வரை தேன் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி நரம்புகளைச் செயலிழக்க வைக்கக்கூடும். கழுதையை ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருபவரிடம் ஒரு சங்கு கழுதைப்பால் வாங்கிக் கொடுக்கும் வழக்கமும் இன்னும் போகவில்லை. காய்ச்சாத பால், கழுவாத சங்கு, பிறந்து சில நாளே ஆன குடல். இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. பம்ப் வைத்து எடுத்துப் பார்த்தும் சொல்ல முடியாது, குழந்தை இழுக்கும் அளவுக்கு பம்ப் இழுக்காது. துணியைப் பாருங்கள். முதல் நாள் ஒரு தடவை சிறுநீர் போனால்கூடச் சரி. ஐந்தாம் நாளிலிருந்து ஆறு தடவையாவது போக வேண்டும். மலம் முதலில் தார் மாதிரிக் கருப்பாக இருக்கும்; பிறகு பச்சையாகி, ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாகிவிட வேண்டும். எடை முதல் சில நாள் குறையத்தான் செய்யும். மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை 200 கிராம் குறைந்தால் பதற வேண்டாம், 300 கிராமை எட்டினால் மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தால், ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிப்பதும், சாயங்கால வேளையில் அரைமணிக்கு ஒரு தரம் மார்பைத் தேடுவதும் இயல்பு. அது பால் பற்றாமையின் அடையாளம் அல்ல. பூண்டும் பால்சுறாப் புட்டும் செய்து போடுவது நல்ல காரியம்தான், பிள்ளை பெற்ற உடம்புக்குச் சத்தும் ருசியும் வேண்டாமா? பால் கூடுவது மட்டும் மார்பு எத்தனை முறை, எவ்வளவு நன்றாகக் காலியாகிறது என்பதைப் பொறுத்தது.

தாயின் தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நீ கடலைப்பருப்பு தின்னதாலதான் பிள்ளைக்கு வாயு" என்று சொல்லாத வீடு உண்டா? உருளைக்கிழங்கு, வாழைக்காய், பருப்பு என்று ஒவ்வொன்றாகத் தடைசெய்து, கடைசியில் பத்தியம் என்ற பெயரில் பூண்டுக் குழம்பும் சோறுமாக அந்தப் பெண் மெலிந்துபோவார். அவருடைய குடலில் உண்டாகும் வாயு அங்கேயே கழிந்துவிடும். ரத்தம் வழியாகப் பாலுக்கு வந்து பிள்ளையின் வயிற்றை ஊத வைக்க வழியில்லை. விதிவிலக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சில குழந்தைகளுக்குப் பசும்பால் புரதம் ஒவ்வாது. தாய் குடிக்கும் பாலில் இருந்து அந்தப் புரதம் தாய்ப்பாலில் கொஞ்சம் கலக்கும். மலத்தில் ரத்தமோ சளியோ வந்தால் அந்தக் கோணத்தில் மருத்துவர் பார்ப்பார்.

மார்பில் குடிக்க முடியாத குழந்தைகளும் இருக்கிறார்கள்: குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைந்தவர்கள், அன்னப்பிளவு உள்ளவர்கள். இவர்களுக்கு நம் வீட்டுப் பாலாடையே, அதாவது மூக்கு வைத்த பால் புகட்டும் சிறு கிண்ணமே, பெரிய உதவி. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீய்ச்சிய தாய்ப்பாலைக் கொடுக்க இன்றும் பாலாடையைத்தான் எடுக்கிறார்கள். கழுவுவதும் கொதிக்க வைப்பதும் சுலபம், பாட்டில் ரப்பரைப் போல இடுக்கில் கிருமி ஒளிந்துகொள்ளாது. பிடிக்கும் விதம்தான் முக்கியம். குழந்தையை அரை உட்கார்ந்த நிலையில் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, கொஞ்சமாகச் சாய்த்தால் பிள்ளையே உறிஞ்சி விழுங்கும். விழுங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த சொட்டு. பழைய முறையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் மல்லாக்கப் போட்டு, அது வாய் திறந்து அழும்போது சங்கைக் கவிழ்ப்பார்களே, அது பாலை நேராக நுரையீரலுக்கு அனுப்பும் வழி. எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும் அப்படித்தான். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் சுலபத்தில் கரையாத நிமோனியா வரும்.

பாட்டில் வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் இந்தியக் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள். இந்தியாவில் 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம், குழந்தைப் பால் பவுடருக்கும் ஃபீடிங் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதையே தடைசெய்கிறது. தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுக்க முடியாது, டின்னில் குழந்தைப் படம் போட முடியாது. ஆனாலும் பால் பவுடர் உண்மையிலேயே தேவைப்படும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டிலில் கொடுக்க வேண்டியிருந்தால், ஏப்பம் இங்கேதான் ஓரளவு வேலைக்கு வரும், ஏனென்றால் காற்று அதிகம் போவதும் இங்கேதான். பவுடரைக் கலக்கக் குலுக்கினால் நுரை வரும், அடங்கும் வரை பொறுங்கள். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாட்டிலை அதிகம் கவிழ்க்காமல், ரப்பர் முனையில் பால் நிற்கும் அளவுக்கு மட்டும் சாய்த்துப் பிடிக்கலாம். பெரிய துளை போட்ட ரப்பரில் பால் கொட்டும், பிள்ளை மூச்சுவிட நேரமில்லாமல் மடக் மடக்கென்று விழுங்கும். நடுவில் நிறுத்தி நிமிர்த்திப் பிடித்துவிட்டு மறுபடியும் கொடுங்கள். டின்னில் போட்டிருக்கும் அளவுக் கரண்டியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இத்தனையும் சரியாகச் செய்தும் பிள்ளை அழும். அதுதான் பெரிய புதிர். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பது வரை, முகம் சிவந்து, காலை வயிற்றோடு மடக்கி, கையை முறுக்கி அழும். 1954-ல் மாரிஸ் வெசல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல். 1962-ல் பிரேசல்டன் என்பவர் தாய்மார்களைக் குறிப்பெழுதச் சொல்லிப் பார்த்ததில், ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் அழுகை வாரத்துக்கு வாரம் கூடி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு குறைந்துவிடுவது தெரிந்தது. மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். காலை மடக்குவதால் வயிற்றுவலி என்று முடிவுகட்டுகிறோம். எந்தக் காரணத்துக்காக அழுதாலும் பச்சிளங்குழந்தை காலை மடக்கித்தான் அழும். அழுதழுது விழுங்கிய காற்று கீழே பிரியும்போது, "பார்த்தியா, வாயுதான்" என்பார்கள். அழுகையால் வந்த காற்றை அழுகைக்குக் காரணம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அழுகை தானாக அடங்கும் வயது ஒன்று இருப்பதால், அதற்குச் சற்று முன்பு எதைச் செய்தாலும் அதற்கே பெயர் கிடைத்துவிடுகிறது. உரம் விழுந்திருக்கிறது என்று துணியில் போட்டு உருட்டுவது, உரைகல்லில் வசம்பும் மாசிக்காயும் ஜாதிக்காயும் இழைத்துப் புகட்டுவது, வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவது எல்லாம் இந்தப் பட்டியல்தான். வசம்பைக் கையில் வளையலாகக் கட்டுவதால் ஒன்றும் ஆகிவிடாது. வாய் வழியாகக் கொடுக்கும்போதுதான் கல்லில் இருந்த அழுக்கு, கலந்த தண்ணீர், கைக்கணக்கான அளவு என்று ஒவ்வொன்றும் கூடச் சேர்கிறது. தொக்கம் எடுக்கிறேன் என்று யாராவது குழந்தையின் வாயில் ஊதினாலோ விரலை விட்டாலோ அங்கிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கிரைப் வாட்டரின் கதை சுவாரஸ்யமானது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் 1851-ல் உருவாக்கியது. பழைய கலவையில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, இவற்றோடு ஆல்கஹாலும் இருந்தது. பிள்ளை அமைதியாகத் தூங்கியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஆல்கஹாலை நீக்கினார்கள். இன்று இந்தியாவில் கிடைப்பதிலும் ஆல்கஹால் இல்லை. இனிப்பு நாக்கில் பட்டால் பச்சிளங்குழந்தை சற்று நேரம் அழுகையை நிறுத்தும், அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்க்க ஒன்றுமில்லை. ஆறு மாதம் வரை தண்ணீரே வேண்டாம் எனும்போது இது மட்டும் எதற்கு? சித்திரை வெயிலிலும் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். மருந்துக்கடையில் வாங்கும் வயிற்றுவலி சொட்டு மருந்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. டைசைக்ளோமின் என்ற மருந்து கலந்தது ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடாது. மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. மேல்வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டது என்று அந்தப் பாட்டிலை இரவல் வாங்குவதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கடைசியாகப் பால் கக்குவது. அமெரிக்காவில் 1997-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, மூன்று மாதம் வரையான குழந்தைகளில் பாதிப் பேர் தினம் ஒரு தடவையாவது கக்குகிறார்கள். நான்காம் மாதத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேர். பத்து, பன்னிரண்டு மாதத்தில் இருபதில் ஒருவர்தான். பிள்ளை சிரித்துக்கொண்டே கக்குகிறது, எடை ஏறுகிறது என்றால் துண்டு துவைக்கும் வேலை தவிர வேறு கவலை இல்லை. பால் குடித்த கையோடு தூளியில் போட்டு வேகமாக ஆட்டாமல் இருந்தால் அந்த வேலையும் குறையும். தூளியில் முகவாய் நெஞ்சில் இடித்து மூச்சுப்பாதை மடங்கக்கூடும் என்பதால் குழந்தை மருத்துவர்கள் சமமான, கெட்டியான படுக்கையைத்தான் சொல்கிறார்கள். அதிலும் மல்லாக்க. மல்லாக்கப் போட்டால் புரையேறும் என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் விழுவது கடினம். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும். தூக்கத்தில் ஏற்படும் திடீர் மரணங்களும் குப்புறப் படுக்கும் குழந்தைகளிடம்தான் அதிகம்.

கவலைப்பட வேண்டிய வாந்தி வேறு மாதிரி இருக்கும். இரண்டு வாரத்துக்கும் இரண்டு மாதத்துக்கும் இடையில், ஒவ்வொரு முறை குடித்த பிறகும் பால் பீறிட்டுத் தூரப் போய் விழுந்து, உடனே மறுபடியும் பசியோடு தேடினால், இரைப்பையின் அடிவாய்த் தசை தடித்து வழியை அடைத்திருக்கலாம். அதற்குச் சிறிய அறுவை சிகிச்சை உண்டு, நன்றாகக் குணமாகும். சிறுநீர் குறைவது, பிள்ளை துவண்டுபோய்ப் பால் குடிக்க மறுப்பது, உடம்பு 38 டிகிரி செல்சியஸைத் தொடுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் மட்டும் அதையும்விட அவசரம். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், முறுக்கிய குடலுக்கு ரத்தம் போகாமல் சில மணி நேரத்தில் அழுகிவிடும். ஏப்பம், வசம்பு, கிரைப் வாட்டர் எதையும் முயற்சி பண்ணாமல், விடியட்டும் என்று காத்திராமல், குழந்தை அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப வேண்டும். போகும்போது அந்தப் பச்சை படிந்த துணியையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தை வாயால் விவரிப்பதைவிட டாக்டரிடம் காட்டுவது நல்லது.